எல்ம்327 சிப்போட நேரா பேசுறது எப்படி: ஆப் இல்லாம டெர்மினல்ல டைப் பண்ணி கார் டேட்டா எடுக்கலாம்

ஓபிடி டாங்கிள் (கார் போர்ட்ல சொருகி இன்ஜின் டேட்டா படிக்கற குட்டி அடாப்டர்) வாங்குற பாதி பேரு அதை ரெண்டு நாள்ல டேஷ்போர்டு டிராயர்ல தூக்கிப் போட்டுடுறாங்க. ஆப் கனெக்ட் ஆகல, இல்ல கனெக்ட் ஆகி எல்லா மீட்டரும் ஜீரோ காட்டுது, ஏன்னு அந்த ஆப்பும் சொல்லாது. கோளாறு டாங்கிள்லயா கார்லயா போன்லயான்னு தெரிஞ்சுக்க சுலபமான வழி, ஆப்பை ஓரமா வச்சுட்டு அந்த சிப்கிட்ட நாமளே நேரா டைப் பண்ணி பேசுறதுதான். கோடிங் தெரியணும்னு அவசியமே இல்ல, ஒரு சீரியல் டெர்மினல் இருந்தா போதும்.

மொதல்ல அது என்ன சிப்புன்னு பாத்துடுவோம். கனடால இருந்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி 2005 வாக்குல எல்ம்327ஐ கொண்டு வந்தாங்க. உள்ள இருக்கறது ஒரு பிக் மைக்ரோகன்ட்ரோலர், அதுல அவங்க எழுதுன ஃபர்ம்வேர். ஒரு பக்கம் சீரியல் போர்ட், மறுபக்கம் காரோட நெட்வொர்க். நாம டெக்ஸ்ட்டா அனுப்புறதை கார் பாஷைக்கு மாத்தி அனுப்பும், வர்ற பதிலை ஹெக்ஸ் (0-9, ஏ-எஃப் வச்சு எழுதுற 16 அடிமான எண்) டெக்ஸ்ட்டா திருப்பிக் குடுக்கும், அவ்ளோதான் அதோட வேலை. ஆர்பிஎம்னா என்ன வெப்பம்னா என்னன்னு அதுக்கு எதுவும் தெரியாது, கணக்கெல்லாம் நம்ம பாடு. மொத வெர்ஷன்ல காப்பி புரொடெக்‌ஷன் போடாம விட்டதுல யாரோ அந்த கோடை அப்படியே உருவிட்டாங்க, அதுக்கப்புறம் உலகம் பூரா டூப்ளிகேட்தான். எல்ம் கம்பெனியே 2022ல மூடியாச்சு. அதனால இன்னிக்கு நம்ம கைல இருக்கற விலை கம்மி டாங்கிள்ல ஒரிஜினல் சிப் இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க. "வி1.5"னு காட்டுச்சுன்னா சந்தேகமே வேணாம், எல்ம் கம்பெனி 1.4பிக்கு அப்புறம் நேரா 2.0க்குத்தான் போனாங்க, 1.5ன்னு ஒன்னை அவங்க வெளியிடவே இல்ல. டூப்ளிகேட்னாலும் அடிப்படை கமாண்ட் ஓடும், கவலைப்படாதீங்க, எங்க காலை வாரும்னு போகப்போக சொல்றேன்.

இன்னொன்னு. கமாண்ட் எல்லாத்தையும் இங்க தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன், டைப் பண்ணும்போது அந்தந்த ஆங்கில எழுத்தைப் போட்டுக்குங்க. தமிழ்ல குழப்பம் வரக்கூடிய இடத்துல அது எதோட சுருக்கம்னு விரிவும் குடுத்திருக்கேன். ஹெக்ஸ் எண்ணுக்குள்ள ஏ, பி, சி, டி, ஈ, எஃப் மட்டும்தான் வரும், அங்க குழப்பம் கிடையாது. பெரிய எழுத்து சின்ன எழுத்து ரெண்டும் சிப்புக்கு ஒன்னுதான், நடுவுல ஸ்பேஸ் விட்டாலும் கண்டுக்காது.

சொருகுறதும் கனெக்ட் பண்றதும்

ஓபிடி போர்ட் டிரைவர் பக்கம் ஸ்டியரிங்குக்குக் கீழ, முட்டிக்கு மேல எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். 16 பின். இதுல 16வது பின் பேட்டரி பாசிட்டிவ், 4ம் 5ம் கிரவுண்டு, 6ம் 14ம் கேன் ஹை, கேன் லோ, 7வது கே லைன். கேன்ங்கறது இப்பத்தைய கார்களோட உள் நெட்வொர்க், கே லைன் பழைய வண்டிங்களோடது. பேட்டரி பின்ல எப்பவும் கரண்ட் இருக்கும், அதனால சாவி போடாமலே டாங்கிள் லைட் எரியும். அதை வச்சு கார் ரெடின்னு நினைச்சுடக்கூடாது, இன்ஜின் ஈசியூ (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) முழிக்கணும்னா இக்னிஷன் ஆன்ல இருக்கணும். ஸ்டார்ட் பண்ணணும்னு இல்ல, ஆன் போதும்.

நம்ம ஊரு வண்டின்னா, பிஎஸ்4 கார்கள்ல ஓபிடி2 கட்டாயமானது 2013 ஏப்ரல்ல இருந்து, அதுக்கு முந்தின வண்டில போர்ட் இருந்தாலும் பதில் வரும்னு உத்தரவாதம் இல்ல. 2020ல வந்த பிஎஸ்6 கார்னா தாராளமா வரும். பிஎஸ்6 பைக்ல நிறைய மாடலுக்கு 6 பின் சின்ன கனெக்டர், அதுக்கு தனி அடாப்டர் கேபிள் வாங்கணும். லாரி, பஸ் மாதிரி 24 வோல்ட் வண்டில விலை கம்மி டாங்கிளை சொருகாதீங்க, புகைஞ்சு போக வாய்ப்பு இருக்கு.

ப்ளூடூத் டாங்கிள்னா பேர் பண்ணும்போது கேக்கற பாஸ்கோடு 1234, இல்லாட்டி 0000. விண்டோஸ்ல பேர் பண்ணா ரெண்டு காம் போர்ட் வரும், ஒன்னு இன்கமிங் இன்னொன்னு அவுட்கோயிங், புட்டில (விண்டோஸ்ல ஓடுற டெர்மினல் புரோகிராம்) அவுட்கோயிங் நம்பரைத்தான் குடுக்கணும், நிறைய பேரு மாத்திப் போட்டுட்டு டாங்கிள் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டிடுறாங்க. லினக்ஸ்னா ஆர்எஃப்காம்ல பைண்ட் பண்ணிட்டு மினிகாமோ ஸ்கிரீனோ போதும். ஆண்ட்ராய்டுல சீரியல் ப்ளூடூத் டெர்மினல் மாதிரி ஒரு ஆப் போட்டுக்குங்க, காருக்குள்ள உக்காந்து லேப்டாப்பை மடில வச்சுட்டு கஷ்டப்பட வேணாம். ஐபோன்ல பழைய வகை ப்ளூடூத் சீரியல் ஓடாது, அதுக்கு வைஃபை டாங்கிளோ பிஎல்ஈ டாங்கிளோதான் வழி. வைஃபை வகைல பெரும்பாலும் 192.168.0.10, போர்ட் 35000, ரா டிசிபி கனெக்‌ஷன்.

யூஎஸ்பி டாங்கிள்னா மட்டும் பாட் ரேட் (சீரியல் போர்ட்டோட வேகம்) பாக்கணும். ஒரிஜினல் சிப்புல 38400 இல்லாட்டி 9600, டூப்ளிகேட்ல 38400ம் இருக்கும் 115200ம் இருக்கும். 8 டேட்டா பிட், பேரிட்டி கிடையாது, 1 ஸ்டாப் பிட். குப்பை குப்பையா எழுத்து வந்தா பாட் ரேட் தப்புன்னு அர்த்தம், அடுத்ததை மாத்திப் பாருங்க.

இப்ப முக்கியமான விஷயம், லைன் எண்டிங். ஒவ்வொரு கமாண்டும் கேரேஜ் ரிட்டர்ன்ல முடியணும், அதாவது 0டி பைட். சில டெர்மினல் ஆப் டீஃபால்ட்டா லைன் ஃபீட் மட்டும் அனுப்பும், அப்ப நீங்க என்ன டைப் பண்ணாலும் சிப் கல்லு மாதிரி உக்காந்திருக்கும், ஏன்னா அதைப் பொறுத்தவரைக்கும் நீங்க இன்னும் டைப் பண்ணி முடிக்கல. இருபது செகண்ட் பாத்துட்டு ஒரு கேள்விக்குறி போட்டு விட்டுடும். செட்டிங்ஸ்ல நியூலைன்னு இருக்கற இடத்துல சிஆர்னு மாத்துங்க, "டாங்கிள் பதிலே சொல்லல"ங்கற கேஸ்ல பெரும்பகுதி இதுலயே முடிஞ்சுடும்.

மொத பேச்சு

ஏடி இசட்

இது ரீசெட். ஏடிங்கறது அட்டென்ஷன்ங்கற ஆங்கில வார்த்தையோட மொத ரெண்டு எழுத்து. ஒரு செகண்ட் கிட்ட எடுக்கும், அப்புறம் "எல்ம்327 வி1.5"னோ "வி2.1"னோ பேரைச் சொல்லிட்டு அடுத்த லைன்ல > போட்டு நிக்கும். அந்த > குறிதான் சிப் உங்ககிட்ட "சொல்லுங்க"ன்னு கேக்குறது. அது வர்றதுக்குள்ள அடுத்த கமாண்டை அனுப்பாதீங்க, அனுப்புனா நடந்துட்டு இருக்கற வேலையை சிப் பாதில நிறுத்திட்டு "ஸ்டாப்டு"ன்னு சொல்லும், நீங்க அனுப்புனதுல மொத எழுத்தையும் முழுங்கிடும். கையால டைப் பண்ணும்போது இது பெருசா தெரியாது, ஸ்கிரிப்ட் எழுதும்போது உயிரை எடுக்கும்.

ஏடின்னு ஆரம்பிக்கறது எல்லாம் சிப்புக்கான உத்தரவு, பழைய டயல்அப் மோடத்துக்கு அனுப்புன ஹேஸ் கமாண்டோட அதே பாணி. ஏடி இல்லாம வெறும் ஹெக்ஸ் எண்ணா இருந்தா அது காருக்குப் போற கேள்வி. இந்தப் பிரிவு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. எதுவும் டைப் பண்ணாம என்டர் மட்டும் தட்டுனா கடைசி கமாண்டையே திரும்ப ஓட்டும், ஒரே பிஐடியை (ஆர்பிஎம், வேகம்னு ஒவ்வொரு ரீடிங்குக்கும் உள்ள எண்) திரும்பத் திரும்ப பாக்க வசதி.

அடுத்து,

ஏடி ஆர்வி

ரீட் வோல்டேஜ். இதுக்கு கார் பதில் சொல்ல வேண்டியதில்ல, சிப்பே அளந்து 12.4வி மாதிரி சொல்லும், இன்ஜின் ஓடிட்டு இருந்தா 14 பக்கம் வரும். இது வந்துடுச்சுன்னா ப்ளூடூத், பாட் ரேட், லைன் எண்டிங் எல்லாம் சரி, இனிமே கோளாறு வந்தா சிப்புக்கும் காருக்கும் நடுவுலதான். ரெண்டு தசம புள்ளி வரைக்கும் மல்டிமீட்டரோட ஒத்துப்போகணும்னு பாக்காதீங்க, டூப்ளிகேட்ல அரை வோல்ட் அங்க இங்க இருக்கும்.

அப்புறம் கொஞ்சம் சுத்தம் பண்ற கமாண்ட்ஸ். ஏடி ஈ0 போட்டா நாம டைப் பண்றதை திருப்பி அனுப்பாது, எக்கோ ஆஃப். ஏடி எல்0 லைன் ஃபீட் ஆஃப். ஏடி எஸ்0 பதில்ல பைட்டுகளுக்கு நடுவுல ஸ்பேஸ் ஆஃப். கண்ணால படிக்கறப்ப ஸ்பேஸ் இருக்கட்டும், புரோகிராம் படிக்கறப்ப ஆஃப் பண்ணிடுங்க, வேகம் கூடும். ஒவ்வொன்னுக்கும் "ஓகே"ன்னு பதில் வரணும். தெரியாத கமாண்டுன்னா வெறும் ? வரும்.

இப்ப காரோட புரோட்டோகால்.

ஏடி எஸ்பி0

செட் புரோட்டோகால், 0ன்னா தானா தேடிக்கோ. இதுக்கு "ஓகே" வந்ததும் கனெக்ட் ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க, தேடல் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, மொத கேள்வி போகும்போதுதான் தேடும். அந்த மொத கேள்வி 0100ஆ இருக்கட்டும், எல்லா ஓபிடி வண்டியும் பதில் சொல்லியே ஆகணும்ங்கற கேள்வி அது.

0100
சர்ச்சிங்...
41 00 பிஈ 1எஃப் ஏ8 13

இப்படி வந்தா ஜெயிச்சாச்சு. பழைய கே லைன் வண்டின்னா இந்தத் தேடல் நிறைய நேரம் எடுக்கும், 5 பாட்ல ஆமை மாதிரி எழுப்புற முறை ஒன்னு இருக்கு, அதுக்கே ரெண்டு மூணு செகண்ட் ஆகும், பொறுமையா இருங்க. கிடைச்சதும் ஏடி டிபிஎன், அதாவது டிஸ்கிரைப் புரோட்டோகால் நம்பர், போட்டா ஏ6னு வரும். ஏன்னா ஆட்டோவா கண்டுபிடிச்சது, 6ன்னா 11 பிட் ஐடி உள்ள 500 கிலோபிட் கேன். இப்ப ஓடுற கார்கள்ல பெரும்பாலும் இந்த 6தான், சிலது 7, அது 29 பிட். 8ம் 9ம் அதே ரெண்டும் 250 கிலோபிட்ல. 3 பழைய ஐஎஸ்ஓ 9141, 4ம் 5ம் கேடபிள்யூபி, இந்த மூணும்தான் கே லைன், 1ம் 2ம் அமெரிக்கா பக்கத்து பழைய வண்டிங்களோடது, நம்ம ஊர்ல பாக்கறது அபூர்வம். நம்பர் தெரிஞ்சதும் அடுத்த முறை ஏடி எஸ்பி6னு நேராவே குடுத்துடுங்க, தேடற நேரம் மிச்சம்.

பதிலைப் படிக்கறது

மேல வந்த பதிலையே எடுத்துக்குவோம். 41ங்கறது நாம அனுப்புன 01 கூட 40 சேத்தது, ஹெக்ஸ்ல. அதாவது "மோடு 01 கேள்விக்கு இது பதில்". 00 நாம கேட்ட பிஐடி. மிச்சம் நாலு பைட், 32 பிட், எந்தெந்த பிஐடி இந்த வண்டில உண்டுங்கற பட்டியல், இடது ஓரத்துல இருந்து 01, 02, 03ன்னு வரிசையா. பிஈங்கறதை பைனரியா விரிச்சா 1011 1110, அதாவது 01 உண்டு, 02 இல்ல, 03ல இருந்து 07 வரைக்கும் உண்டு, 08 இல்ல. அடுத்த 1எஃப் 0001 1111, இது 09ல இருந்து ஆரம்பிக்குது, ஆக 09, 0ஏ, 0பி மூணும் இல்ல, 0சில இருந்து 10 வரைக்கும் உண்டு. 0பி இன்டேக் மேனிஃபோல்டு பிரஷர், 10 காத்து எவ்வளவு போகுதுன்னு அளக்கற மாஸ் ஏர் ஃப்ளோ, அப்படின்னா இந்த வண்டி மாஸ் ஏர் ஃப்ளோவைத்தான் வெளிய குடுக்குது. கடைசி பிட் 1ஆ இருந்தா 0120ம் கேக்கலாம், அதுல 21ல இருந்து 40 வரைக்கும் பட்டியல் வரும். ஆப்ல ஏதோ ஒரு மீட்டர் எப்பவும் ஜீரோவா நின்னா மொதல்ல இந்தப் பட்டியலைப் பாருங்க, வண்டியே குடுக்காததை ஆப் எங்க இருந்து காட்டும்.

ஆர்பிஎம் கேப்போம்.

010சி
41 0சி 1ஏ எஃப்8

1ஏஎஃப்8ஐ தசமத்துக்கு மாத்துனா 6904, நாலால வகுத்தா 1726. இன்ஜின் 1726 ஆர்பிஎம்ல சுத்துது. கூலன்ட் வெப்பம் 0105, ஒரு பைட்தான் வரும், அதுல 40 கழிக்கணும், 7பின்னு வந்தா 123, 123ல 40 போனா 83 டிகிரி. மைனஸ் டிகிரியையும் காட்டணும்னுதான் இந்த 40. வேகம் 010டி, ஒரு பைட், நேரா கிலோமீட்டர், கணக்கே வேணாம். த்ராட்டில் 0111, வர்றதை 255ஆல வகுத்து நூறால பெருக்குங்க, ஆனா கால் வைக்காத நிலையிலயும் ஜீரோ வராது பத்து பதினஞ்சு சதவீதம் காட்டலாம், அது கோளாறு இல்ல.

செக் இன்ஜின் லைட் எரியுதுன்னா 03. கேன் வண்டில

03
43 01 01 33

43க்கு அடுத்த 01 எத்தனை ஃபால்ட் கோடு (கோளாறு எண்) இருக்குங்கற எண்ணிக்கை, அப்புறம் ரெண்டு ரெண்டு பைட்டா கோடு. 0133ல மொத ரெண்டு பிட் 00, அதுக்கு பவர்ட்ரெயின்னு அர்த்தம், முன்னாடி பவர்ட்ரெயினோட மொத எழுத்து பி போட்டா பி0133, ஆக்சிஜன் சென்சார் மெதுவா பதில் சொல்லுதுங்கற கோடு. மொத ரெண்டு பிட் 01ன்னா சேஸிஸ், 10ன்னா பாடி, 11ன்னா நெட்வொர்க். ஆனா கே லைன் வண்டில அந்த எண்ணிக்கை பைட் வராது, 43க்கு அப்புறம் நேரா கோடுதான், மூணு கோடுக்கு இடம், காலி இடத்துல 00 00. கேன் வண்டிக்கு எழுதுன ஸ்கிரிப்ட்டை பழைய வண்டில ஓட்டி இல்லாத கோடை எல்லாம் கண்டுபிடிச்சு சென்சார் மாத்துறவங்க உண்டு, உங்க புரோட்டோகால் என்னன்னு பாத்துட்டுதான் பிரிக்கணும்.

04 அனுப்புனா கோடு எல்லாம் அழிஞ்சுடும், லைட்டும் அணையும். "நிஜமாவா"ன்னு ஒரு வார்த்தை கேக்காது. கோடோட சேத்து அந்த நேரத்துல எடுத்து வச்ச ஃப்ரீஸ் ஃப்ரேமும், ரெடினெஸ் மானிட்டரும் (எமிஷன் பாகங்களை கார் தானே சோதிச்ச நிலவரம்) போயிடும், அதனால மெக்கானிக்கிட்ட காட்டறதுக்கு முன்னாடி அழிச்சுட்டுப் போகாதீங்க, அவருக்கும் துப்பு கிடைக்காது.

பதில் நீளமா இருந்தா, உதாரணத்துக்கு சேஸிஸ் நம்பர் கேக்கற 0902, கேன்ல ஒரு ஃப்ரேமுக்கு (ஒரு தடவைல போற பொட்டலம்) எட்டு பைட்தான், அதனால உடைச்சு வரும். மொத லைன்ல 014னு நீளம், ஹெக்ஸ்ல 14ன்னா இருபது பைட், அப்புறம் 0: 1: 2:ன்னு லைன் வரிசை. 49 02 01ங்கற மூணு பைட் போக மிச்சம் 17, அதுதான் உங்க விஐஎன், ஒவ்வொரு பைட்டும் ஆஸ்கி எழுத்து. கடைசி லைன்ல மிஞ்சின நிரப்பு பைட்டை நீளத்தை வச்சு வெட்டிடுங்க.

ஏன் இவ்ளோ மெதுவா வருது

நாம அனுப்புற 010சி கேன்ல 7டிஎஃப்ங்கற ஐடில போகுது, அது ஊருக்கெல்லாம் பொதுவா போடுற கேள்வி, இன்ஜின் ஈசியூவும் பதில் சொல்லலாம் கியர்பாக்ஸ் ஈசியூவும் சொல்லலாம். எத்தனை பேரு சொல்லுவாங்கன்னு சிப்புக்குத் தெரியாது. அதனால மொத பதில் வந்ததும், இன்னும் யாராச்சும் பேசுவாங்களான்னு டைம்அவுட் முடியற வரைக்கும் காத்துட்டு அப்புறம்தான் > போடும். டீஃபால்ட் டைம்அவுட் ஹெக்ஸ் 32, அதாவது 50, ஒன்னுக்கு 4 மில்லிசெகண்ட், மொத்தம் 200 மில்லிசெகண்ட். அடாப்டிவ் டைமிங்னு ஒன்னு ஆன்ல இருந்தா அதுவா கத்துக்கிட்டு இதைக் குறைக்கும், ஏடி ஏடி2 போட்டா இன்னும் தைரியமா குறைக்கும்.

ஆனா இதையெல்லாம் விட நல்ல வழி, கேள்விக்குப் பின்னாடி எத்தனை பதில் எதிர்பார்க்கறோம்னு ஒரு இலக்கம் சேக்கறது. 010சி1னு அனுப்புனா ஒரு பதில் வந்த உடனே > வந்துடும், காத்திருப்பே இல்ல. ஒரே மாத்தத்துல ரீடிங் வேகம் பல மடங்கு கூடுறதை கண்ணால பாக்கலாம். இருக்கறதுலயே குறைவா பேசப்படுற வசதி இதுதான்னு நினைக்கறேன், ஏன்னு தெரியல. ஏடி எஸ்டி, அதாவது செட் டைம்அவுட், கையால ரொம்ப குறைச்சு வச்சா பதில் வர்றதுக்குள்ள சிப் கதவைச் சாத்திட்டு "நோ டேட்டா"ன்னுடும், அதனால அதுல கை வைக்காம இந்த 1ஐ நம்புங்க.

யாரு பதில் சொல்றாங்கன்னு பாக்கணும்னா ஏடி எச்1, ஹெடர் ஆன். இப்ப அதே பதில் 7ஈ8 04 41 0சி 1ஏ எஃப்8னு வரும். 7ஈ8 இன்ஜின் ஈசியூவோட ஐடி, 04 பின்னாடி எத்தனை பைட் அர்த்தமுள்ளதுங்கறது. அந்த ஒரு ஈசியூகிட்ட மட்டும் பேசணும்னா ஏடி எஸ்எச் 7ஈ0ன்னு ஹெடரை செட் பண்ணுங்க, 11 பிட் ஓபிடி கேள்வில பதில் ஐடி கேள்வி ஐடியை விட 8 அதிகம், அதனால ஏடி சிஆர்ஏ 7ஈ8, அதாவது கேன் ரிசீவ் அட்ரஸ். இது வரைக்கும் வெறும் படிக்கற கேள்விதான். ஹெடரை இஷ்டத்துக்கு மாத்தி ஏர்பேக், பிரேக் ஈசியூ பக்கம் தெரியாத ஹெக்ஸை அனுப்பி விளையாடாதீங்க, ஓடுற வண்டில சத்தியமா வேணாம்.

நெட்வொர்க்கை ஒட்டுக் கேக்கறது

கேள்வியே கேக்காம, ஈசியூக்கள் தங்களுக்குள்ள பேசிக்கறதை உக்காந்து பாக்கறதுதான் இதுல ருசியான பகுதி. ஏடி எச்1 ஹெடர் ஆன், ஏடி சிஏஎஃப்0, கேன் ஆட்டோ ஃபார்மேட்டிங் ஆஃப், அப்பதான் எட்டு பைட்டும் மாத்தாம அப்படியே தெரியும், அப்புறம்

ஏடி எம்ஏ

மானிட்டர் ஆல். ஸ்கிரீன்ல ஹெக்ஸ் மழை கொட்டும், நிறுத்த ஏதாவது ஒரு கீ அழுத்துங்க. இந்த நிலைல சிப் டீஃபால்ட்டா சும்மா கேக்க மட்டும் செய்யும், வர்ற ஃப்ரேமுக்கு ஒப்புகை கூட அனுப்பாது, அதனால வண்டிக்கு தொந்தரவு கம்மி.

ஆனா கொஞ்ச நேரத்துலயே "பஃபர் ஃபுல்"னு சொல்லி தானா நின்னுடும், எல்லாருக்கும் நடக்கறதுதான். கணக்கு போட்டுப் பாருங்க. 38400 பாட்ல ஒரு எழுத்துக்கு பத்து பிட், ஆக செகண்டுக்கு 3840 எழுத்து. ஒரு கேன் ஃப்ரேமை ஸ்பேஸ் இல்லாம எழுதுனா கூட ஐடிக்கு 3, டேட்டாவுக்கு 16, முடிக்க 1, மொத்தம் 20 எழுத்து. அப்படின்னா செகண்டுக்கு 192 ஃப்ரேமுக்கு மேல சீரியல் வழியா வெளிய தள்ளவே முடியாது. 500 கிலோபிட் கேன்ல பாதி லோடு இருந்தாலே ஆயிரக்கணக்குல ஃப்ரேம் ஓடும். சிப்புக்குள்ள இருக்கற பஃபரோ (தற்காலிகமா சேத்து வைக்கற இடம்) ரொம்ப சின்னது. நிரம்பாம என்ன பண்ணும். 115200க்குப் போனா 576 ஃப்ரேம், அதுவும் பத்தாது.

அதனால எல்லாத்தையும் பாக்கணும்ங்கற ஆசையை விட்டுட்டு ஃபில்டர் போடணும். ஏடி சிஎஃப் 200, ஏடி சிஎம் 700னு குடுத்துட்டு ஏடி எம்ஏ போட்டா 200ல இருந்து 2எஃப்எஃப் வரைக்கும் உள்ள ஐடி மட்டும் வரும். சிஎம் மாஸ்க், அதுல 1ஆ இருக்கற பிட்டை மட்டும் சிஎஃப்போட ஒப்பிடும், மத்ததைக் கண்டுக்காது. இப்படி 000, 100, 200ன்னு துண்டு துண்டா மேஞ்சுட்டு, ஆர்வமான ஐடி கிடைச்சதும் ஏடி சிஆர்ஏல அந்த ஒன்னை மட்டும் பிடிச்சுக்கலாம். ஏடி எஸ்0 மறக்காதீங்க, இங்க ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு எழுத்து செலவு.

எந்த பைட் எதுன்னு கண்டுபிடிக்கறதுக்கு மந்திரம் எதுவும் இல்ல. வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இக்னிஷன் ஆன்ல எதையும் தொடாம கொஞ்ச நேரம் லாக் எடுங்க. அப்புறம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்ங்க, பிரேக்கை மிதிச்சு விடறது, கதவைத் திறந்து மூடறது, இண்டிகேட்டர். மொத லாக்ல அசையாம இருந்து இதுல மாறுன பைட் எதுன்னு ஒப்பிடுங்க. சிலது எதுவும் செய்யாமலே 0ல இருந்து எஃப் வரைக்கும் சுத்திட்டே இருக்கும், அது கவுன்டர், கூடவே ஒரு செக்சம் பைட்டும் ஆடும், அதுங்களைப் பாத்து ஏமாறாதீங்க. ஸ்டியரிங் கோணம், வீல் வேகம் எல்லாம் ரெண்டு பைட்டா சேந்து வரும், மெதுவா திருப்புனா ஒன்னு வேகமா ஓடும் அதோட ஜோடி அப்பப்ப ஒன்னு ஏறும்.

ஏடி எம்ஏ போட்டு ஒரு லைன் கூட வரலன்னா டாங்கிளைத் திட்டாதீங்க. புது கார்கள்ல நிறைய மாடல்ல ஓபிடி போர்ட்டுக்கும் உள் நெட்வொர்க்குக்கும் நடுவுல கேட்வே ஒன்னு காவலுக்கு நிக்கும், நாம கேள்வி கேட்டா பதிலை மட்டும் விடும், உள்ள நடக்கற பேச்சு எதையும் வெளிய விடாது. அந்த வண்டில இந்த போர்ட் வழியா ஒட்டுக் கேக்க முடியாது, அவ்ளோதான்.

இந்த வேலை அடிக்கடி பண்ணுவீங்கன்னா எஸ்டிஎன்1110 குடும்பத்து சிப் உள்ள ஓபிடிலிங்க் டாங்கிள் வாங்கறது நல்லது, விலை அதிகம்தான். ஏடி கமாண்ட் எல்லாம் அதுலயும் ஓடும், கூடவே எஸ்டின்னு (ஸ்கேன்டூல்ங்கறதோட சுருக்கம்) ஆரம்பிக்கற அதோட சொந்த கமாண்டுகளும் இருக்கு, பஃபர் பெருசு, பாட் ரேட்டையும் நல்லா மேல ஏத்தலாம். எஸ்டிஐன்னு டைப் பண்ணா அந்த சிப் தன் பேரைச் சொல்லும், எல்ம்ல ? வரும். சும்மா கோடு படிக்க, ஆர்பிஎம் பாக்க மட்டும்னா இதுக்குச் செலவு பண்ண வேணாம்.

டூப்ளிகேட் எவ்ளோ மட்டம்னு பாக்க ஏடி பிபிஎஸ், புரோகிராமபிள் பாராமீட்டர் சம்மரி, டைப் பண்ணுங்க. ஒழுங்கான சிப் ஒரு முழு அட்டவணையை அச்சடிக்கும், மட்டமானது ? போடும். அதுவே 2.1னு மார் தட்டிட்டு 1.4ல வந்த கமாண்டுக்கே ? போடுறதும் சகஜம், அதனால பேரை நம்பாம உங்களுக்குத் தேவையான சிஆர்ஏ, சிஎஃப், சிஎம், எஸ்எச் நாலும் ஓகே சொல்லுதான்னு வாங்குன அன்னிக்கே பாத்துட்டு ரிட்டர்ன் பண்றதுன்னா பண்ணிடுங்க.

வர்ற எரர் எல்லாம்

"அனேபிள் டு கனெக்ட்"னா எல்லா புரோட்டோகாலும் தேடி ஒன்னும் கிடைக்கல, இக்னிஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க, பத்துக்கு எட்டு தடவை அதுதான். "நோ டேட்டா"ன்னா கனெக்‌ஷன் இருக்கு ஆனா அந்தக் கேள்விக்கு யாரும் வாயைத் திறக்கல, பிஐடி இல்லாம இருக்கலாம், இல்ல நீங்க முன்னாடி போட்ட சிஆர்ஏ ஃபில்டர் இன்னும் நிக்குது. சந்தேகமா இருந்தா ஏடி டி, டீஃபால்ட்ஸ், போட்டு மொதல்ல இருந்து ஆரம்பிங்க. "கேன் எரர்" வந்தா பெரும்பாலும் வேகம் தப்பு, 500 வண்டிக்கு 250 குடுத்திருப்பீங்க, இல்லாட்டி பின் சரியா சொருகல. "பஸ் இனிட்: எரர்" கே லைன் வண்டி எழுந்திருக்கல. 7எஃப்னு ஆரம்பிக்கற பதில் எரரே இல்ல, கார் மரியாதையா "முடியாது"ன்னு சொல்றது, கடைசி பைட்ல காரணம் இருக்கும், 12ன்னா அந்த வசதி இல்ல, 78ன்னா கொஞ்சம் பொறுங்க பதில் வருது. "எல்வி ரீசெட்" பாத்தா வோல்டேஜ் விழுந்து சிப் தானா ரீசெட் ஆயிருக்கு, செல்ஃப் அடிக்கும்போது வரும், உங்க எக்கோ ஆஃப் எல்லாம் அழிஞ்சிருக்கும், திரும்பப் போடணும்.

ஸ்கிரிப்ட் எழுதறவங்களுக்கு

பைத்தான்ல பைசீரியல் இருந்தா இருபது முப்பது லைன்ல முடியற வேலை, ஆனா டெர்மினல்ல எல்லாத்தையும் ஒரு தடவை கையால ஓட்டிப் பாத்துட்டு எழுதுங்க. அனுப்புனதும் இத்தனை மில்லிசெகண்ட் தூங்கிட்டு படிக்கறதுன்னு எழுதாதீங்க, > வர்ற வரைக்கும் பைட் பைட்டா படிச்சுட்டே இருக்கணும், அதுக்கு மேல ஒரு பெரிய டைம்அவுட், மொத தேடலுக்கு பத்து செகண்டுக்கு மேல கூட குடுங்க. வர்ற பைட்ல 00 மதிப்புள்ள நல் எழுத்து எப்பவாவது குறுக்க வரும், டேட்டாஷீட்லயே சொல்லியிருக்காங்க, அதைத் தூக்கிப் போட்டுடணும், இல்லாட்டி ஹெக்ஸ் மாத்தும்போது எங்கயோ ராத்திரி ரெண்டு மணிக்கு கிராஷ் ஆகும். "சர்ச்சிங்..."னு வர்ற லைனை ஒதுக்குங்க, அது சில நேரம் பதிலோட ஒட்டியே வரும். பதில் 41ல ஆரம்பிக்குதா, அடுத்தது நாம கேட்ட பிஐடியா, ரெண்டையும் சரி பாத்துட்டுதான் கணக்குப் போடணும், ஏன்னா முந்தின கேள்வியோட பதில் லேட்டா வந்து சேர்றது உண்டு. ஆரம்பத்துல ஏடி இசட் ஒரு தடவை, அப்புறம் நடுவுல ரீசெட் தேவைப்பட்டா ஏடி டபிள்யூஎஸ், வார்ம் ஸ்டார்ட், அது சீக்கிரம் முடியும்.

கே லைன் வண்டில கேள்வி எதுவும் போகாம அஞ்சு செகண்ட் ஆனா ஈசியூ பேச்சை முடிச்சுக்கும், அதுக்காக சிப்பே சில செகண்டுக்கு ஒரு தடவை ஒரு விழிப்பு மெசேஜ் அனுப்பிட்டு இருக்கும், நீங்க ஒன்னும் பண்ண வேணாம். வேலை முடிஞ்சதும் ஏடி பிசி, புரோட்டோகால் குளோஸ், போட்டுட்டு டாங்கிளைக் கழட்டிடுங்க. 16வது பின்ல எப்பவும் கரண்ட் இருக்குன்னு சொன்னேன்ல, ரெண்டு மூணு வாரம் வண்டி எடுக்காம நிக்கப் போகுதுன்னா அந்த குட்டி லைட்டும் ப்ளூடூத்தும் சேந்து பேட்டரியை இறக்கிடும், அதுவும் ஏற்கனவே வயசான பேட்டரின்னா கேக்கவே வேணாம்.